மெக்கெல் பக்கப்பை: வயது வந்தோரிடம் காணும் அரிய சிக்கல்கள்

மெக்கெல் பக்கப்பை என்பது சிறுகுடலின் கடைப்பகுதியில் பிறவியிலேயே அமையும், முனை மூடிய சிறு பையாகும். கருவின் குடலை மஞ்சள்கருப் பையோடு இணைக்கும் குழாய் 5 முதல் 7 வாரங்களுக்குள் மறைந்துவிட வேண்டியது. அதன் குடற்பக்கத் துண்டு மட்டும் மறையாமல் தங்கிவிடுவதால் இது உண்டாகிறது. மக்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரிடம் இது உள்ளது.

1598இல் ஃபாப்ரிசியுஸ் ஹில்டானுஸ் இதனை முதலில் குறித்தார். பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் அலெக்சிஸ் லிட்ரே, குடலிறக்கத்துக்குள் இப்பை சிக்கியிருந்ததை 1700இல் விவரித்ததால், அந்நிலை இன்றளவும் லிட்ரே குடலிறக்கம் எனப்படுகிறது. ஆயினும் குடற்சுவர் இழுபட்டு நீண்டதே இப்பை என்று அவர் கருதினார். ஹாலே நகர யோஹான் ஃபிரீட்ரிக் மெக்கெல் (1781–1833), இது கருவளர்ச்சியின் எச்சம் என்று 1809இல் நிறுவிய பிறகே உண்மை தெளிந்தது.

குழந்தைகளிடம் இப்பையிலுள்ள இரைப்பைத் திசு சுரக்கும் அமிலம் அருகிலுள்ள குடலைப் புண்ணாக்குவதால் இரத்தப்போக்கு மிகுதி. வயது வந்தோரிடமோ குடலடைப்பும் அழற்சியுமே முந்துகின்றன. அரிய சிக்கல்கள் வேறு. பைக்குள் தேங்கிய பொருள் இறுகிக் கல்லாகலாம். குறுகிய கழுத்தையுடைய பை தன் அச்சிலேயே முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் அற்று அழுகலாம். நரம்பு-நாளமில் சுரப்பிக் கட்டியும் அதில் தோன்றலாம். விழுங்கிய மீன்முள் பையில் தங்கி அதைத் துளைத்துவிடுவதும் உண்டு என்பதை, மீன் அன்றாட உணவான புதுச்சேரிக் கடற்கரையில் மருத்துவர்கள் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். இவற்றுள் பல, வலப்புற அடிவயிற்று வலியாகத் தொடங்கிக் குடல்வால் அழற்சி போலவே தோன்றுவதால், பெரும்பாலும் அறுவைக் கூடத்தில்தான் வெளிப்படுகின்றன.

தற்காலத்தில் சி.டி. ஸ்கேனும் நுண்துளை அறுவையும் துணைபுரிகின்றன. வேறு காரணத்துக்கான அறுவையில் தற்செயலாகக் காணப்படும் பையை, நோயாளி 50 வயதுக்குட்பட்டவராகவும் பை 2 செ.மீ.க்கு மேல் நீண்டதாகவும் இருந்தால் அகற்றிவிடுவதே தக்கது. குடல்வால் பழுதின்றி இருக்கக் காணும் அறுவை மருத்துவர், சிறுகுடலின் கடைசி 100 செ.மீ. அளவையாவது பார்க்காமல் வயிற்றை மூடலாகாது.