கடல் தாண்டும் முன்னாடியே ஒரு எல்லை

ஏர்போர்ட் இமிக்ரேஷன் வரிசையில அரை மணி நேரம் நின்னாலே நமக்கு எரிச்சல் வருது. ஆனா மதுரையில இருந்து ராமேஸ்வரம் ரயில்ல போறப்போ, பாம்பன் பாலத்துக்கு முன்னாடி வர்ற மண்டபம் கேம்ப்புல, ஒரு காலத்துல வரிசை பல நாள் நீண்டுச்சு.

1914-ல பாம்பன் ரயில் பாலம் திறந்ததும், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். மதுரை, ராமநாதபுரம் பக்கத்துல மழை பொய்ச்சா, ஜனங்க கங்காணியோட தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்புவாங்க. அவங்கள முதல்ல மண்டபத்துல இறக்கிடுவாங்க. மண் நம்ம மண்தான், ஆனா முகாமை நடத்தினது இலங்கை அரசு!

காலராவும் பிளேக்கும் தீவுக்குள்ள வந்துடக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. அம்மை குத்துவாங்க, துணிமணிக்கு மருந்து அடிப்பாங்க, நாள்கணக்கா அடைச்சு வச்சுக் கவனிப்பாங்க. காசுள்ள பயணிகளுக்கு இந்தக் கெடுபிடி கிடையாது. நோய்க்கு வகுப்பு தெரியாது, சட்டத்துக்குத் தெரிஞ்சிருந்தது.

கதை அங்க முடியல. 1948 குடியுரிமைச் சட்டத்தால மலையகத் தமிழர்ல பெரும்பாலானவங்க நாடற்றவங்க ஆனாங்க. 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும். அப்படி வந்தவங்கள்ல பலர் அதுவரை இந்தியாவைப் பார்த்ததே இல்ல. அவங்களையும் பதிவு பண்ணி அனுப்பினது இதே மண்டபம்தான். 1983-க்குப் பிறகு, போருக்குத் தப்பி வந்த அகதிகளும் இங்கதான்.

தாத்தா போறப்பவும் கேம்ப். பேரன் வர்றப்பவும் கேம்ப். அடுத்த தடவை அந்த ஸ்டேஷனைத் தாண்டுறப்போ, ஜன்னல் வழியா ஒரு நிமிஷம் பாருங்க.