வயதும் வாய்மையும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடப் பேராற்றின் வடபால், ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் உள்ளது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர் இங்குத் தங்கித் தொண்டு புரிந்தார். அவர் நூல்களில் திருக்காவலூர் என்று போற்றப்படும் ஊர் இதுவே; இதன்மீது அவர் ஒரு கலம்பகமும் பாடினார். அம்முனிவர் தமிழுக்குச் செய்த தொண்டுகள் பல. அவற்றுள் மிகச் சிறியதொன்றை மட்டும் இன்று நினைவூட்ட விரும்புகிறேன்.

பழைய வழக்கில் எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் வடிவம் ஒன்றே. குறிலுக்கு மேலே ஒரு புள்ளி இடுவர், அதுவே வேறுபாடு. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பழுதுறும் என்று அஞ்சி, எழுதுவோர் பலரும் அப்புள்ளியை விட்டுவிடுவர். பிறகு, படிப்போர் இடம் நோக்கிக் குறிலா நெடிலா என்று உய்த்துணர வேண்டியதாயிற்று. இவ்வல்லலைக் கண்ட முனிவர் நெடிலுக்கு என்று தனியே ஒரு கீற்றை வகுத்தார். ஏலாக்குறிச்சி என்று நாம் எழுதும்பொழுது, ஊர்ப் பெயரின் முதல் எழுத்திலேயே அந்தக் கீற்று நிற்கிறது.

ஒரு கீற்று குறிலை நெடிலாக்கும். அதுபோலவே, பிறந்த ஆண்டைக் குறிக்கும் எண்களில் ஒரு கீற்றை மாற்றினால் பதினாறு வயது இளைஞன் பதினான்கு வயதுச் சிறுவன் ஆகிவிடுவான். முன்னது மயக்கத்தைத் தீர்க்க இட்ட கீற்று. பின்னது மயக்கத்தை விளைக்க இடும் கீற்று. இளைஞர் விளையாட்டுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் இந்த வயதுப் புரட்டைப் பற்றியே இன்று பேசப் புகுந்தேன்.

நம் மாநிலத்துப் பள்ளிகளில் ஆண்டுதோறும் பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளும் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளும் நடைபெறுகின்றன. பதினான்கு வயதுக்கு உட்பட்டோர், பதினேழு வயதுக்கு உட்பட்டோர், பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் என்று மாணவரை வகைப்படுத்துவர். 1954-இல் தோன்றிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பும் இப்பிரிவுகளையே கைக்கொள்கிறது. இப்பிரிவுகள் எதற்கு? பதின்மூன்றிலிருந்து பதினாறு வரையுள்ள மூன்றாண்டுகளில் ஒரு சிறுவனின் உயரமும் எடையும் தோள்வலியும் மிக விரைந்து வளர்கின்றன. வளர்ந்தவனையும் வளராதவனையும் ஒரே களத்தில் நிறுத்தினால் அங்கே வெல்வது திறமை அன்று; காலமே வெல்லும்.

நம் கபடி ஆட்டத்தில் இதற்கு மற்றோர் ஏற்பாடும் உண்டு. வயதோடு எடைக்கும் வரம்பு வைத்தனர் பெரியோர். ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் கபடிப் போட்டிகளிலும் இத்தனை கிலோவுக்கு உட்பட்டோர் என்று அறிவிக்கக் காண்கிறோம். எடை என்பது கண்ணெதிரே நிறுத்துக் காட்டக் கூடியது. தராசு பொய் சொல்லாது. வயதை நிறுக்கவோ தராசு இல்லை. ஏட்டை நம்ப வேண்டும், ஏட்டில் எழுதியவரை நம்ப வேண்டும். ஆகவேதான் வயதின் வரலாறு ஏட்டின் வரலாறாகவே இருந்து வருகிறது.

முன்னாளில் தமிழ் மக்கள் வயதை எவ்வாறு அறிந்தனர்? வசதியுடையோர் வீட்டில் ஓலையிலே சாதகம் கணித்து வைத்திருப்பர். ஏனையோர், பெருவெள்ளம் வந்த ஆண்டு, பஞ்சம் வந்த ஆண்டு, கோயில் தேர் ஓடிய மறுநாள் என்று நினைவில் நிறுத்தினர். அக்காலத்து வாழ்வுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அரசும் பள்ளியும் ஆலையும் வயதைக் கேட்கத் தொடங்கிய பின்னரே வயது ஒரு சிக்கல் ஆயிற்று.

இதற்கு நல்லதொரு சான்று இங்கிலாந்தில் கிடைக்கிறது. 1833-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம், ஒன்பது வயது நிரம்பாத குழந்தைகளை நூல் ஆலைகளில் வேலைக்கு வைத்தல் கூடாது என்று சட்டம் செய்தது. ஆயினும் பிறப்பைப் பதிவு செய்யும் பொது ஏற்பாடு அப்பொழுது அங்கே இல்லை. கூலியை நம்பிய ஏழைப் பெற்றோர் குழந்தையின் வயதைக் கூட்டிச் சொல்லினர். மருத்துவர்கள் உயரத்தைக் கண்டு மதிப்பிட்டனர், அது தவறிற்று. 1837-இல் எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர், பற்களின் வளர்ச்சியைக் கொண்டு ஆலைக் குழந்தைகளின் வயதைத் துணியலாம் என்று ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டிலேதான் அந்நாட்டில் பிறப்பு, இறப்புப் பதிவும் தொடங்கிற்று. ஆலை வாயிலில் பிள்ளையின் வயதைக் கூட்டினர். இன்று ஆடுகள வாயிலில் வயதைக் குறைக்கின்றனர். பொய்யின் திசைதான் மாறியிருக்கிறது. வறுமையும் ஆசையும் அதனை ஈன்றன என்பது மாறவில்லை.

நம் நாட்டிலும் 1881-இல் வந்த ஆலைச் சட்டம் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. 1899-இல் சென்னை மாகாணத்திற்கெனப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற பின் 1969-இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் அமைந்தது. சட்டம் வந்ததும் வழக்கம் மாறிவிடவில்லை. சிற்றூர்களில் வீட்டிலேயே பிறந்த பிள்ளைகள் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பள்ளியில் சேர்க்கச் செல்லும் நாளில் தலைமையாசிரியர், வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொடச் சொல்லுவார். தொட்டால் ஐந்து வயது நிரம்பிற்று. எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வா! தொட்ட பிள்ளைக்கு ஆசிரியரே ஒரு பிறந்த நாளையும் எழுதிக் கொள்வார். சாதகத்தில் ஒரு பிறந்த நாள், சான்றிதழில் ஒரு பிறந்த நாள் என்று இரண்டு உடைய முதியோர் இன்றும் நம்மிடையே பலர் உளர். அவர்களுடைய ஏட்டில் இருப்பது பிழை, வஞ்சம் அன்று. பிழைக்கும் வஞ்சத்துக்கும் உள்ள இந்த வேற்றுமையை நாம் மறத்தல் ஆகாது.

வஞ்சத்தை நான் ஒருமுறை நேரிலே கண்டிருக்கிறேன். இளமையில் எங்கள் பள்ளிக் கபடிக் குழுவின் பட்டியலில் என் பெயர் இருந்தது. போட்டிக்கு முதல்நாள், என் பெயரில் வேறொருவன் ஆடுவான் என்று சொல்லிவிட்டனர். அவன் எனக்கு மூன்றாண்டு மூத்தவன். அன்று காலையிலேதான் மீசையை மழித்திருந்தான். நான் களத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தேன். அவன் ஏறிச் சென்று தொடும்போதெல்லாம் நடுவர் என் பெயரைச் சொல்லி அழைத்தார். எங்கள் குழு வென்றது. அதற்கான சான்றிதழ் இன்றும் என் பெட்டியில் கிடக்கிறது. அதில் உள்ள பெயர் என்னுடையது. ஆட்டம் என்னுடையது அன்று. தோற்ற குழுவில் என் வயதொத்த சிறுவன் ஒருவன் முழங்கால் சிராய்ப்போடு அழுதுகொண்டு போனதை நான் மறக்கவில்லை. தன்னைவிட மூத்தவனிடம் தோற்றோம் என்பது அவனுக்குத் தெரியாது. தனக்கு ஆட்டம் வராது என்றே அவன் எண்ணியிருப்பான்.

இச்செயல் சிற்றூர்களோடு நின்றுவிட்டதா எனில், இல்லை. 1988-இல் மெக்சிகோ நாடு, உலக இளைஞர் கால்பந்துப் போட்டிக்கான தகுதிச் சுற்றில் வயது மீறிய ஆட்டக்காரர்களை இறக்கியது. உண்மை வெளிப்பட்டதும், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அந்நாட்டு அணிகள் அனைத்தையும் இரண்டாண்டுகள் விலக்கி வைத்தது. குற்றமற்ற மூத்தோர் அணியும் 1990-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆடும் பேற்றை இழந்தது. 2001-இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் நடந்த சிறுவர் பேஸ்பால் உலகப் போட்டியில் ஒரு சிறுவனின் பந்துவீச்சை நாடே வியந்தது. பன்னிரண்டு வயது என்று காட்டப்பட்ட அவனுக்கு உண்மையில் வயது பதினான்கு. அவனுடைய குழுவின் வெற்றிகள் யாவும் நீக்கப்பட்டன. பொய்ச் சான்றைத் தந்தவர் பெரியவர். பழியைச் சுமந்தவன் பிள்ளை.

இந்தியாவில் இதனைத் தடுக்க நடுவணரசின் விளையாட்டுத் துறை 2010-இல் ஒரு தேசிய நெறிமுறையை வகுத்தது; 2025-இல் அதனைத் திருத்தும் வரைவு ஒன்றையும் மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. கிரிக்கெட் வாரியம் 2012 முதல் பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கு எலும்புச் சோதனையைக் கொண்டு வந்தது. 2015 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த பட்டோடி நினைவுச் சொற்பொழிவில், இளைஞர் அணிகளின் பயிற்சியாளராக அந்நாளில் விளங்கிய ராகுல் திராவிட், இந்த வழக்கத்தை நஞ்சுக்கு ஒப்பிட்டார். வயதை மறைத்தவன் திறத்தால் அன்றி உடல் முதிர்ச்சியால் இடம் பெறுகிறான். அதனால் நேர்மையான பிள்ளை ஒருவன் இடம் இழக்கிறான் என்பதே அவர் உரைத்ததன் சாரம். 2020-இல் வாரியம், தாமாக முன்வந்து உண்மை வயதைச் சொல்லும் இளைஞருக்குத் தண்டனை இல்லை என்றும், மறைத்துப் பிடிபட்டால் இரண்டாண்டுத் தடை என்றும் அறிவித்தது. திருந்துவோருக்குக் கதவைத் திறந்து வைத்த அறிவுடைய ஏற்பாடு அது.

எலும்புச் சோதனை என்பது யாது? வளரும் பிள்ளையின் கைவிரல் எலும்புகளிலும் மணிக்கட்டு எலும்புகளிலும் நுனிப்பகுதி தனியே நின்று, இடையில் குருத்தெலும்பு இருக்கும். வயது ஏற ஏற இவை ஒன்றுபடும். டானரும் ஒயிட்ஹவுஸும் வகுத்த முறையில் இடக்கையை எக்ஸ்ரே படம் எடுத்து, எலும்புகளின் முதிர்ச்சிக்கு மதிப்பெண் இட்டு வயதைக் கணிப்பர். ஃபிஃபாவோ 2009-இல் நைஜீரியாவில் நடந்த பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையிலே, காந்த அதிர்வுப் படத்தால் மணிக்கட்டைச் சோதிக்கும் முறையைக் கையாண்டது.

இருப்பினும் எலும்பு நாட்காட்டி அன்று. ஊட்டம் குறைந்த பிள்ளையின் எலும்பு பிந்தி முதிரும். விரைந்து வளரும் இயல்புடைய பிள்ளையின் எலும்பு முந்தி முதிரும். முந்தி முதிர்ந்தவன் உண்மையே பேசினாலும் பொய்யன் எனப்படலாம். பிந்தி முதிர்ந்தவன் பொய்யே பேசினாலும் தப்பிவிடலாம். ஆதலின் படம் ஐயத்தை எழுப்புமே அன்றித் தனியே தீர்ப்பு வழங்க வல்லதன்று. எலும்பைப் படம் பிடிக்க வேண்டிய நிலை வந்ததே, ஏட்டை நம்ப முடியாமற் போனதால் அன்றோ?

பெற்றோரைக் கடிந்து பேசுதல் எளிது. விளையாட்டில் பெறும் ஒரு சான்றிதழ் கல்லூரியில் இடம் தரலாம். ரயில்வேயில் வேலை தரலாம். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு மூன்று விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது பெரிய பற்றுக்கோடு. ஆனால் அந்தப் பற்றுக்கோடு பக்கத்துத் தெருக் குடும்பத்துக்கும் வேண்டியதாகத்தானே இருக்கிறது? வயதைத் திருத்துபவர் அரசை ஏமாற்றுவதாக எண்ணுகிறார்; உண்மையில் அவர் பறிப்பது மற்றோர் ஏழைப் பிள்ளையின் இடத்தை. அப்பிள்ளை யார் என்பதும் அவருக்குத் தெரியாது.

நல்ல காலமும் பிறந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் தொட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்குரிய சான்றாகும். பிறப்பை இருபத்தொரு நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் காதைத் தொட்டுப் பார்க்கும் தொல்லை இல்லை. சட்டம் ஏட்டைச் செம்மையாக்கும். அந்த ஏட்டில் உள்ளபடியே பிள்ளையைக் களத்தில் இறக்குவது ஆசிரியர் கையிலும் பயிற்சியாளர் கையிலும் பெற்றோர் கையிலும் உள்ளது. வெற்றி பெற்றுத் தந்தவரைப் பாராட்டும் ஊர், தகுதியற்றவனைப் பட்டியலிலிருந்து நீக்கித் தோல்வியை ஏற்ற ஆசிரியரையும் ஒருநாள் பாராட்ட வேண்டும்.

நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தைத் தன்னகத்தே கொண்ட அறத்துப்பாலை இலத்தீனில் பெயர்த்தவர் வீரமாமுனிவர். அவர் உலவிய ஏலாக்குறிச்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மாலை வேளைகளில் இன்றும் சிறுவர் கபடி ஆடுகின்றனர். அவர்களுள் ஒருவன் இவ்வாண்டு பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் பெயர் கொடுப்பான். அவன் எதிரே நிற்பவனும் மெய்யாகவே பதினான்கு வயதுக்கு உட்பட்டவனாக இருக்கட்டும். அதன்பின் அவன் வென்றாலும் தோற்றாலும் அது அவனுடைய ஆட்டமாகவே இருக்கும்.