பார்சிபாகான் சந்தும் ஆய்வு மாணவரின் அழுத்தமும்

‘மன அழுத்தம்’ என்னும் தொடர் நம் நாளிதழ்களில் இரண்டு பொருள்களைச் சுமந்து திரிகிறது. தேர்வும் வேலைப்பளுவும் தரும் நெருக்கடியும் மன அழுத்தமே. மருத்துவர் மருந்தெழுதும் மனச்சோர்வு நோயும் மன அழுத்தமே. (ஒலியியல் பயின்றோர்க்கு மூன்றாவது அழுத்தம் ஒன்றும் உண்டு. அது அசையின்மேல் விழுவது. அதனால் யாருக்கும் தீங்கில்லை.) ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ பொறியியலில் புழங்கிய சொல். உடலியலாளர் ஹான்ஸ் செல்யேவின் ஆய்வுகளுக்குப் பின்னரே, அதாவது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான், இன்று நாம் வழங்கும் பொருளில் அது பரவியது. அதற்கு முன் படித்தவர்களும் எழுத்தர்களும் இதே துன்பத்தை ‘நரம்புத் தளர்ச்சி’ என்று அழைத்தனர்; இதழ்களின் விளம்பரப் பக்கங்கள் அதற்கு மருந்தும் விற்றன.

உளவழிச் சிகிச்சை அண்மையில் கணினி நிறுவனங்களோடு வந்திறங்கிய நாகரிகம் என்று கருதுவோர் நம் துறைகளிலேயே பலர் உள்ளனர். வரலாறு வேறுவிதமாக உள்ளது. இந்தியாவில் அது பிறந்தது கல்கத்தாவில், பார்சிபாகான் சந்து 14ஆம் எண் இல்லத்தில். அவ்வீட்டுக்குரிய கிரீந்திரசேகர் போஸ் 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். மாணவப் பருவத்திலேயே மனவசியத்தில் ஈடுபாடு கொண்டவர். மருத்துவத் தொழில் நடந்துகொண்டிருக்கும்போதே பல்கலைக்கழகத்தின் புதிய உளவியல் துறையில் மாணவராகச் சேர்ந்து 1917இல் முதுகலை முடித்தார். மன ஒடுக்கம் பற்றிய அவருடைய ஆய்வேட்டுக்கு 1921இல் அறிவியல் முனைவர் பட்டம் கிடைத்தது. உளவியலில் இந்தியா வழங்கிய முதல் முனைவர் பட்டம் அது. நூலாக வந்த அவ்வாய்வை அவர் வியன்னாவிலிருந்த பிராய்டுக்கு அனுப்பினார். பதில் வந்தது, கடிதப் போக்குவரத்து 1930களின் பிற்பகுதிவரை நீண்டது. இருவரும் ஒருமுறையேனும் நேரில் சந்தித்ததில்லை.

1922இல் அதே இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் தோன்றியது. நிறுவன உறுப்பினர் 15 பேரில் பெரும்பான்மையோர் உளவியலும் மெய்யியலும் கற்பித்த கல்லூரி ஆசிரியர்கள். இச்செய்தி நமக்கு முக்கியமானது: இந்நாட்டில் உளவழிச் சிகிச்சையின் தொட்டில் மனநலக் காப்பகம் அன்று, பல்கலைக்கழகம். காப்பகங்கள் ஆங்கிலேய அரசின் கையில், அடைத்து வைக்கும் இடங்களாகவே அந்நாளில் பெரும்பாலும் இயங்கின. போஸின் வழியோ பேசுவதும் கேட்பதும். 1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்கான புறநோயாளர் பிரிவு திறக்கப்பட்டதும், 1940இல் லும்பினி பார்க் மருத்துவமனை எழுந்ததும் அவருடைய முயற்சியால்.

போஸ் பிராய்டின் சீடராக அடங்கிவிடவில்லை. ஒவ்வொரு விருப்பத்துக்கும் எதிரான விருப்பம் ஒன்று மனத்தில் உறைந்திருக்கிறது என்பது அவர் கொள்கை. அதை பிராய்டு முழுமையாக ஏற்கவில்லை, போஸும் விட்டுக்கொடுக்கவில்லை. குடிமைப்பட்ட நாட்டின் மருத்துவர் ஒருவர் தம் அறிவுத்துறையின் மூலவரோடு சமநிலையில் நின்று வாதிட்ட அக்கடிதங்களை நம் பாடத்திட்டங்கள் ஏன் சேர்ப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

விடுதலைக்குப் பின் இருவர் செய்தவை குறிப்பிடத்தக்கவை. 1950களில் அமிர்தசரஸ் மருத்துவமனையில் வித்யாசாகர், நோயாளரின் உறவினரையும் கூடாரங்களில் உடன் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்தார். மற்றவர் பஞ்சாபிக் கவிஞருமான மனநல மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேகி. குரு–சீடர் உறவையே சிகிச்சைக்கு ஒரு மாதிரியாகக் கொள்ளலாம் என்று 1973இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேலைச் சிகிச்சை சார்ந்திருத்தலைக் குறையாகக் கண்டு, தனித்து நிற்பதையே இலக்காக வைக்கிறது. இங்கோ நம்பிச் சார்வதற்கு ஒருவர் இருப்பதே ஆற்றல் தரும். எனவே சிகிச்சையாளர் விலகி நிற்காமல், குருவைப்போல் பொறுப்பேற்று வழிகாட்டலாம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அழகான வாதம்தான். ஆயினும் ஆய்வு மாணவராக அதைப் படிக்கும்போது உறுத்துகிறது. நேகி மருந்தாகக் கண்ட அதே உறவு இன்றைய ஆய்வுத் துறைகளில் பலருக்கு நோயின் ஊற்றாக இருக்கிறது. ஆய்வேட்டில் கையொப்பமிடுவதும், உதவித்தொகைப் படிவத்தில் கையொப்பமிடுவதும், பரிந்துரைக் கடிதம் எழுதுவதும் ஒரே கை. அக்கையைச் சார்ந்திருப்பவர் நள்ளிரவில் வரும் மின்னஞ்சலைக் கண்டு நடுங்குவதை ‘குருபக்தி’ என்று எப்படிச் சொல்வது? மரபுக் குருவிடமிருந்து சீடன் விலகிப் போகலாம். நெறியாளரை மாற்றுவதற்கோ துறைக்குழுவின் ஒப்புதல் வேண்டும். நேகியின் மாதிரி பொய்யென்று நான் கூறவில்லை. அதற்குள் அதிகாரம் பற்றிய கேள்விக்கு இடமில்லை என்கிறேன். ஆய்வின் மூன்றாம் ஆண்டில் நானும் வாரந்தோறும் ஒரு சிகிச்சையாளரிடம் சென்றேன். எனக்குப் பயன்பட்டது அவருடைய அறிவுரை அன்று. என் எதிர்காலத்தின்மீது எவ்வதிகாரமும் இல்லாத ஒருவர் முன் ஐம்பது நிமிடம் பேச முடிந்ததே.

பணியிடத்திலும் இதே சிக்கல் பழையது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் ஆலைகளில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. அவர் தொழிலாளரின் குறைகேட்பவர். சம்பளம் தருவதோ ஆலை உரிமையாளர்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. (தமிழ்நாட்டில் ‘கவுன்சிலிங்’ என்றாலே பொறியியல் கல்லூரி இட ஒதுக்கீடுதான் முதலில் நினைவுக்கு வரும், அழுத்தம் தரும் நிகழ்வுக்கும் அதற்கான தீர்வுக்கும் ஒரே பெயர்.) 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இலவசமாக அழைக்கலாம். வளாகத்துக்கு வெளியே ஒரு குரல் கேட்பது சிறிய வசதி அன்று.

வளாகத்துக்குள் அமர்த்தப்படும் ஆலோசகரோ யாருக்கு அறிக்கை தருவார்? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியக் காப்பு உரிமையை உறுதிசெய்கிறது. ஆனால் அவ்வுரிமை ‘மனநோய் உள்ள நபர்’ என்பவருக்கு உரியது; அச்சட்டம் மனநோயைக் கணிசமான கோளாறு என்றே வரையறுக்கிறது. தேர்வுப் பதற்றத்தோடும் நெறியாளர் மீதான அச்சத்தோடும் ஆலோசகர் அறைக்குள் நுழையும் மாணவர் அவ்வரையறைக்குள் வருவாரா என்பதைச் சட்டத் துறை நண்பர்கள் விளக்கினால் நன்று. அதுவரை உங்கள் நிறுவன ஆலோசகரிடம் முதல் நாளிலேயே கேளுங்கள்: குறிப்பேடு எங்கே வைக்கப்படும், யார் திறக்கலாம்?