பேட்ச்

கிழிந்த துணியின் மேல் வைத்துத் தைக்கும் ஒட்டுத்துண்டுக்கு ஆங்கிலத்தில் பேட்ச் என்று பெயர். கணினிக்குள்ளும் அது நிஜமான ஒட்டாகவே நுழைந்தது. 1944இல் இயங்கத் தொடங்கிய ஹார்வர்ட் மார்க் 1 கணினிக்குக் கட்டளைகள் காகிதச் சுருளில் துளைகளாக இருந்தன. தப்பான துளைமேல் காகிதத் துண்டை ஒட்டி மூடினார்கள்.

காகிதம் போனது, பெயர் நின்றது. பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால், 1985இல் 'பேட்ச்' என்றே ஒரு நிரலை வெளியிட்டார். இரு கோப்புகளின் வேறுபாட்டை 'டிஃப்' என்ற நிரல் பட்டியலிடும்: கழித்தல் குறியிட்ட வரி நீங்கும், கூட்டல் குறியிட்டது சேரும். பேட்ச் அதைப் படித்துப் பழைய கோப்பைத் திருத்தும். இடையில் வேறொருவர் கைவைத்து வரி எண்கள் நகர்ந்திருந்தாலும், அக்கம்பக்கத்து வரிகளைக் கொண்டு உரிய இடத்தைத் தேடிப் பிடித்துவிடும். அதன் கெட்டிக்காரத்தனமே அங்கேதான். பொருந்தாததைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவைக்கும்.

ஓப்பன்பிஎஸ்டி போன்ற யுனிக்ஸ் வழி இயங்குதளத்தில் அன்றாட ஒட்டுகள் பல மிகச் சின்னவை: கையேட்டில் ஓர் எழுத்துப்பிழை, பயன்படாத ஒரு மாறி. சிலவற்றின் வீச்சு பெரிது. நினைவக எல்லையைப் பார்க்காமல் எழுத்துச் சரத்தை நகலெடுக்கும் 'எஸ்டிஆர்காப்பி' என்ற செயற்கூற்றுக்கு மாற்றாக 1998இல் 'எஸ்டிஆர்எல்காப்பி' வந்தபோது, மூலநிரலைக் கோப்பு கோப்பாகத் திருத்த வேண்டியிருந்தது.

2017இல் வெளியான ஓப்பன்பிஎஸ்டி 6.1 பதிப்பில் வந்த 'சிஸ்பேட்ச்' கருவியோ, மூலநிரலைத் தொடாமல் தொகுத்து முடித்த கோப்புகளையே இறக்கிப் பொருத்துகிறது. பழையதையும் சேமித்துவைப்பதால், வேண்டாமென்றால் கடைசித் திருத்தத்தை ஒரே கட்டளையில் நீக்கிவிடலாம்.