கொங்கு நாட்டு ரத்தக் கொழுப்பு: அளவிலிருந்து துகளுக்கு

ரத்தத்தில் கொழுப்பு கரையாது. புரதம் போர்த்திய நுண்துகள்களில் ஏறித்தான் அது உடலெங்கும் போகிறது. இந்த லிப்போபுரதத் துகளை 1929இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் மிஷேல் மாஷ்பஃப் குதிரையின் ரத்தச் சீரத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்தார். 1950இல் கலிபோர்னியாவில் ஜான் காஃப்மன், அதிவேகச் சுழற்சிக் கருவியில் துகள்களை அடர்த்திவாரியாகப் பிரித்து, மாரடைப்புக்கு மொத்தக் கொலஸ்ட்ராலைவிட இவையே நல்ல தடயம் என்றார். ஆனால் அந்தக் கருவி எல்லா ஊருக்கும் வரக்கூடியதல்ல. 1972இல் ஃப்ரீட்வால்ட் குழு தந்த எளிய கணக்கே ஆய்வகங்களில் நிலைத்தது: மொத்தக் கொலஸ்ட்ராலில் அடர்த்தி மிகுந்த எச்.டி.எல். துகள்களில் உள்ளதையும், டிரைகிளிசரைடு என்ற கொழுப்பின் அளவில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மிஞ்சுவது அடர்த்தி குறைந்த எல்.டி.எல். துகள்களில் உள்ளது. துகள் எத்தனை என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. அதனால் மிகுதியும் இழந்தவர்கள் நம்மவர்கள் என்றே கருதுகிறேன்.

கொழுப்பின் அளவில் ஏதோ முடிச்சு இருப்பது இந்தியாவில் முன்பே தெரிந்திருந்தது. ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்த எஸ்.எல். மல்ஹோத்ரா 1967இல் வெளியிட்ட முடிவின்படி, வடக்கே பால் கொழுப்பைப் பல மடங்கு கூடுதலாக உண்டவர்களைவிடத் தெற்கத்தியரிடமே இதயநோய்ச் சாவு அதிகம். தின்ற கொழுப்பின் அளவு மட்டும் இதை விளக்காது.

2014இல் வந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்கண்ட், சண்டிகர் ஆகியவற்றில் 2042 பேரின் ரத்தத்தைப் பார்த்தது. எல்.டி.எல். மிகுந்தவர்கள் 11.8 சதவீதம்தான். டிரைகிளிசரைடு மிகுந்தவர்கள் 29.5; எச்.டி.எல். குறைந்தவர்களோ 72.3 சதவீதம்.

எல்.டி.எல். மிகாமல் டிரைகிளிசரைடு மிகுந்து எச்.டி.எல். குறையும் இந்த வடிவம் கொங்கில் வேரூன்ற வழி அமைத்தது எது? 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1937இல் கோவையில் உள்நாட்டு மோட்டார் உருவானது. காளைகளோடு சேர்ந்து நடந்து கிணற்றில் கவலை இறைத்த உடம்புக்கு, பம்புசெட் வந்தபின் அந்த வேலை இல்லை. கம்பும் சோளமும் இருந்த தட்டில் தீட்டிய அரிசி நிறைந்தது. உழைப்பு குறைந்து மாவுச்சத்து மிகுந்தால் கல்லீரல் டிரைகிளிசரைடு நிறைந்த வி.எல்.டி.எல். துகள்களைக் கூடுதலாக அனுப்பும். அவை தம் டிரைகிளிசரைடை எல்.டி.எல்லுக்கும் எச்.டி.எல்லுக்கும் கொடுத்து, கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ளும். பிறகு ஈரல் நொதி அந்த டிரைகிளிசரைடை அரிக்க, எல்.டி.எல். சிறுத்து அடர்ந்துவிடும், எச்.டி.எல். சீக்கிரம் அழியும். ஒவ்வொரு துகளிலும் கொலஸ்ட்ரால் குறைவு, துகள்களோ ஏராளம். ரத்தக்குழாய்ச் சுவரில் நுழைந்து தங்குவது துகள்தான்.

ஒரு ரத்தச் சோதனைச் சீட்டை எடுத்துக்கொள்வோம் (அளவுகள் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்): மொத்தம் 190, டிரைகிளிசரைடு 250, எச்.டி.எல். 34. ஃப்ரீட்வால்ட் கணக்கில் எல்.டி.எல். 106. கவலை இல்லை என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடுவார்கள். ஆனால் 190இல் 34ஐக் கழித்தால் 156. எச்.டி.எல். அல்லாத இந்த மொத்தத்தை 130க்குக் கீழே வைப்பதே பொதுவான இலக்கு. எல்.டி.எல்லோடு வி.எல்.டி.எல். முதலிய தீங்குத் துகள்களின் கொலஸ்ட்ரால் முழுவதும் இதில் அடக்கம். இதற்குத் தனிச் சோதனை வேண்டாம், கூடுதல் காசும் வேண்டாம்.

துகளையே எண்ண வேண்டுமானால் அப்போ-பி சோதனை இருக்கிறது. இந்தத் தீங்குத் துகள் ஒவ்வொன்றிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்றுதான். டிரைகிளிசரைடு மிகுந்தவர்க்கும் சர்க்கரை நோயாளிக்கும் அதை 2019 ஐரோப்பிய வழிகாட்டி பரிந்துரைத்தது. கொங்கு ஊர்களின் சோதனை முகாம்களில் அந்தச் சோதனை சேர்வதற்குமுன், இருக்கும் சீட்டிலேயே மொத்தத்திலிருந்து எச்.டி.எல்லைக் கழித்து ஒரு வரி அச்சடித்துக் கொடுக்கலாம்.