ஒரு மணியும் கொஞ்சக் கைமாத்தும்

கனடாவில இருந்து மச்சான் குடும்பம் வந்து நின்றால் சிட்னியில் கூட்டிக்கொண்டு போற இடங்களுக்கு ஒரு வாய்ப்பாடே இருக்கு. ஒபரா ஹவுஸ், ஹாபர் பிறிட்ஜ், சிட்னி முருகன், ஹெலன்ஸ்பேர்க் பெருமாள். இந்த முறை மழை. அதனால் டார்லிங் ஹாபரில் இருக்கிற தேசிய கடல்சார் அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினோம். சின்னாக்கள் நீர்மூழ்கிக்குள்ள ஏறப் போயிட்டினம். மச்சானும் நானும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற சாமான்களைப் பார்த்துக்கொண்டு கதைச்சுக்கொண்டு நடந்தோம்.

அப்போதுதான் யூ.எஸ்.எஸ். கன்பரா என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் மணியைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். பிறகு கதை நீண்டு, வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்வரை முடியவில்லை. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதி வைக்கிறேன்.

1942 ஓகஸ்டில் சொலமன் தீவுகளுக்கருகில் நடந்த சாவோ தீவுச் சமரில் எச்.எம்.ஏ.எஸ். கன்பரா என்ற அவுஸ்திரேலியக் கப்பல் மூழ்கிப்போனது. அதன் நினைவாக அமெரிக்கா தன்னுடைய போர்க்கப்பல் ஒன்றுக்குக் கன்பரா என்று பெயர் வைத்தது. அந்தக் கப்பலின் மணியைத்தான் 2001 செப்ரெம்பர் 10 ஆம் திகதி வோஷிங்டனில் வைத்து ஜோர்ஜ் புஷ், ஜோன் ஹவாட்டிடம் கொடுத்தார். அன்சஸ் ஒப்பந்தத்தின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கான அன்பளிப்பு. அடுத்த நாள் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். ஹவாட் அப்போது வோஷிங்டனில்தான் நின்றார். செப்ரெம்பர் 14 ஆம் திகதி, அன்சஸ் வரலாற்றில் முதற்தடவையாக, அந்த ஒப்பந்தம் செயற்படுகிறது என்று அவுஸ்திரேலியா அறிவித்தது.

ஆனால் அதே செப்ரெம்பர் 10 ஆம் திகதி இன்னொரு கையெழுத்தும் விழுந்தது. அது நவுறு தீவில். அவுஸ்திரேலியப் பாதுகாப்பு அமைச்சர் பீற்றர் றீத், நவுறு ஜனாதிபதியோடு செய்த உடன்பாடு அது. தம்பா என்ற நோர்வேக் கப்பல் ஓகஸ்ட் கடைசியில் கடலில் காப்பாற்றிய நானூறுக்கும் மேற்பட்ட சனத்தை எங்கே இறக்குவது என்ற பிரச்சினைக்குக் கண்ட வழி. ஒரே நாளில் ஒரு பக்கம் மணி, மறுபக்கம் முட்கம்பி. எங்கட சனத்தின்ர கதையும் பின்னாளில் இந்த இரண்டுக்கும் நடுவில் போய் மாட்டுப்பட்டது.

கொஞ்சம் பின்னுக்குப் போவோம். அன்சஸ் என்பது அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா மூன்றும் 1951 செப்ரெம்பர் 1 ஆம் திகதி சான்பிரான்சிஸ்கோவில் கையெழுத்திட்ட ஒப்பந்தம். 1984 இல் நியூசிலாந்தில் டேவிட் லாங்கி ஆட்சிக்கு வந்து, அணுவாயுதக் கப்பல்களுக்கு எங்கட துறைமுகத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். 1985 பெப்ரவரியில் யூ.எஸ்.எஸ். புக்கானன் என்ற கப்பலுக்கு அனுமதி மறுத்தார்கள். 1986 இல் அமெரிக்கா நியூசிலாந்துக்கான தன் கடப்பாட்டை நிறுத்தி வைத்தது. மூன்று பேர் இருந்த மேசையில் இரண்டு பேர்தான் மிச்சம். அந்த இரண்டு பேரும் 1985 இல் தொடங்கிய சந்திப்புக்குத்தான் அவுஸ்மின் என்று பெயர். இரு நாட்டு வெளிநாட்டமைச்சர்களும் பாதுகாப்பு அமைச்சர்களும் அநேகமாக ஆண்டுக்கொருமுறை கூடுவார்கள். 2010 நவம்பரில் மெல்பேர்ணில் ஹிலறி கிளின்டனும் றொபேட் கேற்சும் வந்து இருந்தார்கள். 2014 இலும் 2019 இலும் சிட்னியில் நடந்தது.

கூட்டம் முடிய ஓர் அறிக்கை வரும். "பிராந்திய விவகாரங்கள் குறித்து ஆராய்ந்தனர்" என்ற மாதிரி வசனம் இல்லாத அறிக்கையே இல்லை. சீனா, கொரியா, பசுபிக் தீவுகள் என்று பட்டியல் நீளும். அகதிகளைக் கைமாற்றுகிற வேலை பெரும்பாலும் இந்தப் பெரிய மேடையில் நடப்பதில்லை. அது வேறு அறைகளில், வேறு அமைச்சர்களோடு முடியும். ஆனால் முதலீடு ஒன்றுதான். அந்த ஐம்பது, அறுபது வருசத்து நட்பு.

இப்ப 2007 க்கு வருவோம். அதற்கு முந்தின வருசம் ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டு, யாழ்ப்பாணம் திறந்தவெளிச் சிறையாகிப் போயிருந்தது. வெள்ளை வான் காலம். 2007 பெப்ரவரியில் 83 இலங்கையர், அநேகமாக எல்லாருமே தமிழ்ப் பெடியள், ஒரு படகில் கிறிஸ்மஸ் தீவுப் பக்கம் வந்தபோது அவுஸ்திரேலியக் கடற்படை மறித்தது. முதலில் இந்தோனேசியாவுக்குத் திருப்பி அனுப்பி, அங்கிருந்து கொழும்புக்கு அனுப்புகிற கதை ஓடியது. இங்கே எங்கட ஆக்களுக்கு நித்திரை இல்லை. மார்ச்சில் அவர்களை நவுறுவுக்குக் கொண்டு போனார்கள்.

ஏப்ரல் 18 ஆம் திகதி குடிவரவு அமைச்சர் கெவின் அன்ட்றூஸ் ஓர் அறிவித்தல் விட்டார். அவுஸ்திரேலியாவும் அமெரிக்காவும் ஒரு பரஸ்பர உதவி ஏற்பாடு செய்திருக்கின்றன. நவுறுவில் இருப்பவர்களில் அகதி என்று ஏற்கப்படுபவர்களை அமெரிக்கா எடுக்கும். குவாண்டனமோ குடாவில் இருக்கிற அகதிகளை அவுஸ்திரேலியா எடுக்கும். ஆண்டுக்கு 200 பேர் வரை. குவாண்டனமோ என்றதும் பயந்துவிட வேண்டாம், அந்தப் பெரிய சிறையில் இருந்தவர்கள் அல்ல. அதே தளத்தில் வேறு பக்கமாக வைத்திருந்த, அமெரிக்காவுக்குப் படகில் வெளிக்கிட்டுக் கடலில் மறிக்கப்பட்ட கியூபா, ஹெயிற்றி ஆட்கள்.

வடிவாக யோசிச்சுப் பாருங்கோ. மயாமிக்குப் போக வெளிக்கிட்ட கியூபாக்காரன் மெல்பேர்ணுக்கு. அவுஸ்திரேலியாவுக்கு வெளிக்கிட்ட வல்வெட்டித்துறைப் பெடியன் மயாமிக்கு. இரண்டு நாட்டுக்கும் ஆள் எண்ணிக்கை குறையாது. "நீ கேட்ட கதவு உனக்குத் திறக்காது" என்று காட்டுவது மட்டும்தான் நோக்கம். அமெரிக்காவுக்கு இலவச ரிக்கெற் என்றால் இன்னும் ஆக்கள் வரமாட்டார்களா என்று எதிர்க்கட்சியே கேட்டது.

அந்தக் கைமாற்று நவுறுவில் இருந்தவர்கள் விடயத்தில் நடக்கவே இல்லை. அவர்களில் பெரும்பாலானோர் அகதிகள்தான் என்று அந்த வருசமே முடிவாகியது. நவம்பரில் ஹவாட் தோற்றார். 2008 பெப்ரவரி 8 ஆம் திகதி, நவுறுவில் கடைசியாக மிஞ்சியிருந்த 21 இலங்கையரும் பிரிஸ்பேனுக்கு வந்து சேர்ந்தார்கள். ஓர் ஒப்பந்தம் அவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பப் பார்த்தது. ஒரு தேர்தல் இங்கே கொண்டு வந்தது. அவர்களுடைய வழக்கில் இதற்கிடையில் ஒரு வரிகூட மாறவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 2012 இல் நவுறு திரும்பத் திறந்தது. 2013 யூலை 19 ஆம் திகதி, படகில் வருகிற ஒருவரும் இனி அவுஸ்திரேலியாவில் குடியேற முடியாது என்று அதே கெவின் ரட் அறிவித்தார். மூன்று வருசம் கழித்து, 2016 நவம்பர் 13 ஆம் திகதி, மல்கம் ரேர்ன்புல் புது உடன்பாட்டை அறிவித்தார். நவுறுவிலும் மனுஸ் தீவிலும் இருந்தவர்களில் 1,250 பேர் வரை அமெரிக்கா பரிசீலிக்கும். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னர், கொஸ்ரரிக்காவில் இருக்கும் மத்திய அமெரிக்க அகதிகளை எடுப்பதாக அவுஸ்திரேலியா ஒபாமாவின் மாநாட்டில் சொல்லியிருந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சொன்னார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஆனால் அறிவித்ததற்கு ஐந்து நாள் முன்னர் ட்ரம்ப் வென்றுவிட்டார்! 2017 ஜனவரி 28 ஆம் திகதி இரண்டு தலைவர்களும் தொலைபேசியில் கதைத்ததன் முழு எழுத்துப் பிரதியும் ஓகஸ்டில் வோஷிங்டன் போஸ்ற் பத்திரிகையில் வெளிவந்தது. ரேர்ன்புல், நீங்கள் ஒருவரையும் எடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை, பரிசோதித்தால் போதும் என்கிறார். இவர்கள் கூடாத ஆட்கள் இல்லை, ஆட்கடத்தல்காரருக்கு விற்பதற்குச் சரக்கு இல்லாமல் செய்யத்தான் இப்படி வைத்திருக்கிறோம் என்று விளக்குகிறார். நீங்கள் சொல்லுகிற ஆரையும் நாங்கள் எடுக்கிறோம் என்றும் சொல்கிறார். ஆங்கிலத்தில் அதை வாசித்தபோது எனக்கு ஒரு சொல்லில் கண் நின்றுவிட்டது. சரக்கு.

2017 ஏப்ரல் 22 ஆம் திகதி துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் சிட்னிக்கு வந்தார். உடன்பாட்டை மதிப்போம், அதற்காக அது எங்களுக்குப் பிடிச்சது என்று அர்த்தமில்லை என்றார். செப்ரெம்பர் கடைசியில் முதல் ஐம்பது பேரளவில் விமானம் ஏறினார்கள். ஈரான், சோமாலியா ஆட்களில் மிகப் பலருக்குக் கதவு அடைபட்டது. எங்கட பெடியள் கொஞ்சப் பேருக்கு வழி கிடைத்தது. மெல்பேர்ணில் ஹோட்டல் அறைகளில் அடைபட்டிருந்தவர்களில் சிலரும் அப்படித்தான் போனார்கள். வருசங்கள் ஓடி, மொத்தம் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த இடத்தில் மச்சான் கேட்டான்: "அப்ப நல்லதுதானேடா? ஆயிரம் பேர் தப்பிட்டாங்கள்."

நல்லதுதான். இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. நவுறுவின் கொட்டிலில் இருந்த ஒருத்தனிடம், "இது கொள்கைப் பிழை, நீ ஏறாதே" என்று சொல்ல எனக்கு என்ன அருகதை இருக்கு? நான் விமானத்தில் வந்து இறங்கி அகதி விண்ணப்பம் போட்டவன். அதே நாடு, அதே ஆமி, அதே காரணம். வந்த வாகனம் மட்டும் வேறு.

ஆனால் நியூசிலாந்தின் கதையையும் அவனுக்குச் சொன்னேன். கூட்டணி மேசையில் இருந்து எழுப்பப்பட்ட அந்த நாடு, 2001 இலேயே தம்பா ஆட்களில் 131 பேரை எடுத்தது. 2013 பெப்ரவரியில் ஜோன் கீயும் ஜூலியா கிலாட்டும் கதைத்து, ஆண்டுக்கு 150 பேரை நியூசிலாந்து எடுக்கும் என்று முடிவானது. பிறகு வந்த அரசாங்கம் வேண்டாம் என்றது. நியூசிலாந்துப் பிரஜை ஆகிவிட்டால் பின்கதவால் இங்கே வந்துவிடுவார்களாம். 2017 நவம்பர் 5 ஆம் திகதி ஜெசிந்தா ஆடென் சிட்னிக்கே வந்து திரும்பக் கேட்டார். அந்த நேரம் மனுஸ் முகாமைப் பூட்டி, தண்ணியும் கரண்டும் நிறுத்தி, சுமார் அறுநூறு பேர் உள்ளே அடம்பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அப்போதும் இப்ப வேண்டாம் என்ற பதில்தான். 2022 மார்ச் 24 ஆம் திகதிதான் ஒப்புக்கொண்டார்கள். ஒன்பது வருசம். ஒரு பெடியனின் இருபதுகள் முழுவதும் அதுக்குள்ள போய்விடும்.

ஊரில் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் கைமாத்து வாங்குவோம். வட்டி இல்லை, துண்டு இல்லை, சாட்சி இல்லை. சிநேகிதத்தில் நடக்கிற விசயம். கொடுக்கிறவரின் மனம் மாறினால் கேட்க ஒரு வழியும் இல்லை. இந்த உடன்பாடுகளும் அப்படித்தான் எனக்குத் தெரிகின்றன. காசு கைமாறுகிற இடத்தில் ஆட்கள், அவ்வளவுதான்.

எங்களுக்கென்று துண்டு எழுதாமலும் இல்லை. அன்சஸ் கையெழுத்தான அதே 1951 இல், அதற்கு ஒரு மாதம் முன்னர், யூலை 28 ஆம் திகதி ஜெனீவாவில் அகதிகள் சமவாயம் நிறைவேறியது. ஆறு நாடுகள் சேர்ந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். ஆறாவதாகச் சேர்ந்த நாடு எது தெரியுமோ? அவுஸ்திரேலியா. 1954 ஜனவரி 22. அதனால் ஏப்ரல் 22 ஆம் திகதி அது உலகத்துக்குச் சட்டமானது. பென்ஸ் சிட்னியில் நின்று, பிடிக்காவிட்டாலும் மதிப்போம் என்று சொன்னதும் ஓர் ஏப்ரல் 22 தான்.

இரண்டுமே இந்த நாடு கையெழுத்து வைத்த கடதாசிகள். ஒன்றுக்கு ஐம்பதாவது ஆண்டில் மணி கொடுத்து விழா எடுத்தார்கள். மற்றதின்படி கதவைத் தட்டினவர்களை என்ன செய்வதென்று சிநேகித நாடுகளோடு பேரம் பேசினார்கள். இதைத்தான் மச்சானுக்குச் சொல்ல வெளிக்கிட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன்ர பெடியனுக்கும் இதைச் சொல்லி வை" என்றான்.

சொல்லத்தான் வேணும். அவன் இங்கே பிறந்தவன். அடுத்த தேர்தலில் அவனுக்கும் வாக்கு இருக்கு.