துணி உலர்த்தியின் இரைச்சல்

துணி உலர்த்தியில், அதாவது டிரையரில், திடீரென்று எழும் இரைச்சல் பெரும்பாலும் டிரம்மைத் தாங்கும், சுழற்றும் சிறு பாகங்கள் தேய்வதால் வருவது. வட அமெரிக்க வீடுகளில் பரவலாக உள்ள வகையில் டிரம், ரப்பர் விளிம்புள்ள சிறு சக்கரங்களின் மேல் அமர்ந்திருக்கும். மோட்டார் அதை ஒரு நீண்ட, மெல்லிய பெல்ட்டால் சுழற்றும். பெல்ட்டைத் தொய்யாமல் வைத்திருப்பது ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும் ஒரு கப்பி.

ஓசையின் தன்மையே முதல் தடயம். சீரான தாளத்தில் தொம் தொம் என்று கேட்டால் சக்கரம் ஒருபுறம் தட்டையாகியிருக்கலாம். நெடுநாள் ஓடாமல் கிடந்த இயந்திரத்தில் இது சில நிமிடங்களில் தானே அடங்குவதும் உண்டு. அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். கிறீச்சிடல் கப்பியையோ சக்கர அச்சையோ காட்டும். உலோகம் உரசினால், டிரம்மின் முன்விளிம்பைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டைகளைப் பார்க்க வேண்டும். கடகடப்புக்குக் காற்றாடிக்குள் விழுந்த சில்லறைக் காசும் காரணமாகலாம்.

பிரிக்குமுன் பிளக்கைப் பிடுங்குவது கட்டாயம். எரிவாயு வகையில் வாயுக் குழாயின் வால்வையும் மூட வேண்டும். பெல்ட்டைக் கழற்றிய பின் சக்கரங்களையும் கப்பியையும் தனித்தனியே விரலால் சுற்றினால் குற்றவாளி எது என்று தெரிந்துவிடும். தேய்ந்த சக்கரத்துக்கு எண்ணெய் விடுவது பலர் செய்யும் தவறு. சத்தம் சில நாள் அடங்கும். பிறகு அந்தப் பிசுக்கில் பஞ்சுத்தூசி ஒட்டும். அது எளிதில் தீப்பற்றும். எல்லாச் சக்கரங்களும் ஒரே அளவு உழைத்தவை என்பதால் ஒன்றாகவே மாற்றுவது நல்லது. உள்ளே படிந்த தூசியையும் அப்போதே உறிஞ்சி எடுத்துவிடலாம்.